ஜிபிஎஸ் செத்தால் சமாளிக்கலாம்; பொய் சொன்னால்?

விமானத்தின் முதுகில் உள்ளங்கை அளவுக்கு ஒட்டியிருக்கும் ஆண்டெனாவில் வந்து விழும் ஜிபிஎஸ் சமிக்ஞை, அதைக் கேட்கும் கருவியின் சொந்த இரைச்சலைவிட மெலிந்தது. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டு வருவதற்குள் அதன் குரல் தேய்ந்துவிடுகிறது. அதைக் கேட்கவிடாமல் செய்யப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம். திருவிழா ஒலிபெருக்கியின் அடியில் நின்று தொலைபேசியில் பேசிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இப்படி இரைச்சலால் அமுக்குவது ஜாமிங். கத்தாமல், செயற்கைக்கோளின் குரலிலேயே பேசித் தவறான இடத்தை நம்பவைப்பது ஸ்பூஃபிங்.

சிமுலேட்டரில் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் பார்த்திருக்கிறேன்: முதல் வகையை ஏறக்குறைய எல்லோரும் சமாளித்துவிடுகிறார்கள். மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வருகிறது, கையேட்டைத் திறக்கிறார்கள், சொன்னதைச் செய்கிறார்கள். இரண்டாவதில்தான் நல்ல விமானிகளும் தடுமாறுகிறார்கள். அங்கே பல நேரங்களில் எச்சரிக்கையே வருவதில்லை, அல்லது பிரச்சினை முற்றிய பிறகு வருகிறது.

கீழே இருப்பது அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி. உங்கள் முன்னால் என்ன நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். உங்கள் விமானத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடே சரி. விசைகளின் பெயரும் வரிசையும் விமானத்துக்கு விமானம் மாறும். எந்த அறிகுறியானாலும் பொருந்துகிற ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் ஆராய வேண்டும். இருவரும் சேர்ந்து கணினித் திரைக்குள் தலையை விட்டால், கோளாறு ஜிபிஎஸ்ஸில் இருந்து விமானத்துக்கு மாறிவிடும்.

அறிகுறி: ஒரு ஜிபிஎஸ் மட்டும் போய்விட்டது, மற்றது நன்றாக இருக்கிறது

வெளியிலிருந்து வரும் தொல்லை ஆள் பார்த்து அடிக்காது. இரண்டு ஆண்டெனாக்களுக்கும் இடையே சில அடி தூரம்தான். ஒன்று செத்து மற்றது பிழைத்திருந்தால், பெரும்பாலும் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை: ஆண்டெனா, அதன் கம்பி இணைப்பில் புகுந்த ஈரம், அல்லது பெட்டி. பதிவேட்டில் எழுதிவிட்டு, இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு போங்கள். அந்த ஒன்றும் போனால் இறங்கும் இடத்தில் என்ன கருவி இருக்கிறது என்பதை மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள்.

அறிகுறி: இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன, மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கிறது

ஏர்பஸ் விமானத்தில் 'ஜிபிஎஸ் பிரைமரி லாஸ்ட்' என்று திரையில் வரும். போயிங்கில் தேவையான துல்லியம் கிடைக்கவில்லை என்ற பொருளில் செய்தி வரும். கடிகாரம் சரியாக ஓடுகிறது, வரைபடம் குதிக்கவில்லை, காற்றின் வேகம் நம்பும்படி இருக்கிறது. இது ஜாமிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரளவுக்கு இது நல்ல செய்தி. தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சாட்சியால் பெரிய தீங்கு இல்லை.

இப்போது விமானத்தைத் தாங்குவது ஐஆர்எஸ். லேசர் கைரோக்களும் முடுக்கமானிகளும் கொண்ட இந்தப் பெட்டி வெளியுலகத்தைக் கேட்பதே இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு அசைவையும் கூட்டிக்கூட்டித் தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. கூட்டும்போது சிறு பிழைகளும் சேரும். மணிக்கு 2 கடல் மைல் வரை நழுவலாம் என்பதே அதற்கு வைத்திருக்கும் வரம்பு. நல்ல நிலையில் உள்ள பெட்டி அதைவிடக் குறைவாகவே நழுவும். தரையிலிருந்து திசை சொல்லும் விஓஆர், தூரம் சொல்லும் டிஎம்இ நிலையங்கள் எட்டும் தூரத்தில் இருந்தால், விமானத்தின் வழிகாட்டும் கணினி அவற்றைக் கொண்டு இந்த நழுவலைத் திருத்திக்கொண்டே வரும்.

கடலுக்கு மேல் என்ன ஆகும்? சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 740 கடல் மைல். 35,000 அடியில் பறக்கும்போது பூமியின் வளைவு தரை நிலையத்தை மறைக்கும் தூரம் ஏறத்தாழ 230 கடல் மைல். நடைமுறையில் 200 என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் 200 போக நடுவே 340 கடல் மைலுக்கு எந்தத் தரைக் குரலும் கேட்காது. மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில் அது 45 நிமிடம். அந்த 45 நிமிடத்தில் ஐஆர்எஸ் வரம்பின் உச்சத்தில் நழுவினாலும் ஒன்றரைக் கடல் மைல். பாதையின் அகலத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே பதற வேண்டாம். நீண்ட பயணத்தில்தான் கணக்கு மாறும். துல்லியம் 5 கடல் மைலுக்குள் இருக்க வேண்டிய பாதைகளில், வெளித் திருத்தம் எதுவும் இல்லாமல் ஐஆர்எஸ்ஸை மட்டும் நம்பிப் பறக்க, அதை அலைன் செய்ததிலிருந்து, அதாவது தரையில் நிற்கும்போது இடத்தையும் திசையையும் சரியாக அமைத்ததிலிருந்து, 2 மணி நேரமே அனுமதி.

செய்ய வேண்டியது: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடான ஏடிசியிடம் சொல்லுங்கள். எட்டும் தூரத்தில் உள்ள விஓஆர், டிஎம்இ நிலையங்களின் அலைவரிசையைக் கையால் வைத்து, அவை ஒலிக்கும் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். சென்னை என்றால் எம்எம்வி: நெடில் நெடில், நெடில் நெடில், குறில் குறில் குறில் நெடில். காதால் கேட்கும் பழக்கம் இப்போது அருகிவிட்டது. ஜிபிஎஸ் இல்லாத நாளில் அந்த ஓசையைவிட நிம்மதியான ஓசை காக்பிட்டில் வேறில்லை.

ஜாமிங் என்றால் போர்க்களம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2012-இல் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில் தரை இறக்கத்துக்கு உதவும் ஜிபிஎஸ் கருவி இடைஞ்சலுக்கு உள்ளானது. பக்கத்து நெடுஞ்சாலையில், தன் வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஓர் ஓட்டுநர் சின்ன ஜாமர் ஒன்றைச் செருகி வைத்திருந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதித்தார்கள். யாரும் ஜாம் செய்யாமலே இரண்டும் சேர்ந்து சாவதும் உண்டு. 2019 ஜூனில் ஒரு வகை ஜிபிஎஸ் பெட்டியின் மென்பொருளால் அமெரிக்காவில் பல பிராந்திய விமானங்கள் தரையிலேயே நின்றன. எனவே பக்கத்தில் பறக்கும் விமானங்களுக்கும் இதே கதியா என்று அலைவரிசையில் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லோரும் புலம்பினால் வெளித்தொல்லை. நீங்கள் மட்டும் புலம்பினால் உங்கள் பெட்டி.

'நம்மிடம்தான் ககன் இருக்கிறதே' என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. ககன் ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்தும் அமைப்பு. அதுவும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ஒலிபெருக்கி அலறும்போது இரண்டு பேர் கிசுகிசுத்தால் மட்டும் கேட்டுவிடுமா?

அறிகுறி: கடிகாரம் குதிக்கிறது, காற்று அசுர வேகம் காட்டுகிறது, வரைபடம் நழுவுகிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஸ்பூஃபிங் ஒரே அடியாக வந்தால் அதிர்ஷ்டம். 2023-இன் இறுதியில் கிழக்கு மத்தியதரைக் கடலை ஒட்டிப் பறந்த பல விமானங்களுக்குத் தாங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகக் கருவி சொன்னது. 36,000 அடியில், மணிக்கு 480 கடல் மைலில் பறந்துகொண்டிருக்கும்போது நிலையத்தில் நிற்கிறாய் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போகும் வகைதான் ஆபத்து.

ஜிபிஎஸ் கருவிக்குள்ளேயே ஒரு தணிக்கை இருக்கிறது. இடத்தைச் சொல்ல நான்கு செயற்கைக்கோள்கள் போதும். ஐந்தாவது இருந்தால் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கலாம். ஆறு இருந்தால் எது பொய் என்று விலக்கவும் முடியும். ஒரு செயற்கைக்கோள் கெட்டுப்போவதைப் பிடிக்க இது அருமையான ஏற்பாடு. எல்லாச் சாட்சிகளும் ஒருவனிடமே பாடம் படித்துவிட்டு வந்தால்? குறுக்கு விசாரணையில் ஒருவர்கூட முரண்பட மாட்டார். தணிக்கை 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டுவிடும்.

ஒரு முறை சிமுலேட்டரில் மெதுவான நழுவலைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இளம் துணை விமானிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதற்கே பாராட்டலாம். கணினி காட்டும் இடத்தையும் ஜிபிஎஸ் காட்டும் இடத்தையும் ஒப்பிட்டார்.

"இரண்டும் அப்படியே ஒத்துப்போகின்றன, சார். பிரச்சினை இல்லை."

"கணினிக்கு அந்த இடத்தைச் சொன்னது யார்?"

சற்று நேரம் பேச்சில்லை. "ஜிபிஎஸ்தான், சார்."

வேலிக்கு ஓணான் சாட்சி. காக்பிட்டில் இந்த ஓணான்கள் நிறைய. வரைபடத் திரை, கணினி காட்டும் மீதித் தூரம், எதிர்பார்க்கும் நேரம், பல விமானங்களில் காற்றின் கணக்குகூட ஜிபிஎஸ் வாயிலிருந்து வந்தவை. அவை ஜிபிஎஸ்ஸுக்காகச் சாட்சி சொல்லத் தகுதியற்றவை. தகுதியுள்ளவர்கள் சிலரே: ஜிபிஎஸ் கலவாத ஐஆர்எஸ் இடம், கையால் வைத்த விஓஆர் திசை, டிஎம்இ தூரம், ஏடிசி ரேடார், உங்கள் கைக்கடிகாரம், ஜன்னல்.

டிஎம்இயை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். விமானம் ஒரு கேள்வித் துடிப்பை அனுப்புகிறது. தரை நிலையம் 50 மைக்ரோவினாடி பொறுத்துப் பதில் துடிப்பை அனுப்புகிறது. போய்வந்த நேரத்தில் ஒவ்வொரு 12.36 மைக்ரோவினாடிக்கும் ஒரு கடல் மைல். கேட்டால் மட்டுமே பதில் வருவதாலும், ஒவ்வொரு விமானமும் தன் கேள்விக்கான பதிலை மட்டும் பொறுக்குவதாலும், ஊருக்கே ஒரு பொய்யை ஒலிபரப்பி இதை ஏமாற்றுவது எளிதல்ல.

எந்தக் குறிப்புகளைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்? கடிகாரம் முதலில் காட்டிக்கொடுக்கும். ஜிபிஎஸ் என்பது அடிப்படையில் நேரம் சொல்லும் ஏற்பாடு. பொய் சொல்பவன் இடத்தைச் செதுக்கும் கவனத்தில் நேரத்தைக் கோட்டை விடுவது வழக்கம். பிறகு, ஒரு நிமிடம் முன்பு 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) பக்கக் காற்று இருந்த இடத்தில் திடீரென 180 நாட் எதிர்க்காற்று. தன் இடத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணினி காட்டும் அளவு 0.1 கடல் மைலில் இருந்து இரண்டு இலக்கத்துக்குத் தாவுவது. ஜிபிஎஸ் தரை வேகமும் ஐஆர்எஸ் தரை வேகமும் பிரிந்து போவது. இடது திரைக்கும் வலது திரைக்கும் பேச்சு ஒத்துவராதது. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டத்தில் இல்லாத இடத்தில் விமானம் தானாகத் திரும்பத் தொடங்குவது. பொய்யான இடத்தைச் சரி செய்வதாக நினைத்து ஆட்டோபைலட் உங்களைப் பாதையிலிருந்து வெளியே கூட்டிப்போகிறது என்று அர்த்தம்.

அப்போது முதலில், நீங்கள் கொடுக்கும் திசையை மட்டும் ஆட்டோபைலட் பிடிக்கும் ஹெடிங் நிலைக்கு மாறுங்கள். கடைசியாக நம்பத்தகுந்த திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏடிசியிடம் சொல்லி ரேடார் வழிகாட்டல் கேளுங்கள்; கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2023-இல் ஈராக் வான்வெளியில் ஒரு போயிங் 777 விமானிகள் மணி என்ன, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்டார்கள். சிரிப்பதற்கில்லை, அந்தக் கணத்தில் கேட்க வேண்டிய சரியான கேள்விகள் அவை இரண்டும்தான். அடுத்து, கணினி ஜிபிஎஸ்ஸைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்துங்கள். ஏர்பஸ்ஸில் 'டிசெலக்ட் ஜிபிஎஸ்', 737-இல் ஜிபிஎஸ் அப்டேட்டை அணைக்கும் தேர்வு. கடிகாரத்தை ஜிபிஎஸ் நிலையிலிருந்து உள் நேரத்துக்கு மாற்றுங்கள். அதன் பிறகு ஐஆர்எஸ் இடத்தை விஓஆர், டிஎம்இயோடு ஒப்பிட்டு அது இன்னும் தூய்மையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் தொல்லைப் பகுதிக்குள் நுழைந்து, வரைபடம் நழுவிய பிறகு செய்வது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எச்சரிக்கை அறிவிப்பு இருக்கும் பகுதி என்றால், உங்கள் நிறுவன நடைமுறை அனுமதிக்கும் வகையில், எல்லைக்கு முன்பே ஜிபிஎஸ்ஸைப் பிரித்து வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் சற்றுத் துல்லியக் குறைவோடு பறப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

அறிகுறி: ஐஆர்எஸ்ஸும் சேர்ந்து உளறுகிறது

ஐஆர்எஸ் வெளியுலகத்தைக் கேட்பதில்லை என்று மேலே சொன்னேன். அதில் ஒரு திருத்தம் உண்டு. சில விமானங்களில், குறிப்பாகச் சில வணிக ஜெட்களில், நழுவலைக் குறைக்க ஐஆர்எஸ்ஸுக்கே ஜிபிஎஸ்ஸை ஊட்டுகிறார்கள். நல்ல நாளில் இது புத்திசாலித்தனம். கெட்ட நாளில் ஒரே பானையில் விழுந்த விஷம்.

2023 செப்டம்பரில் ஈராக்கின் யூஎம்688 என்ற பாதையில் இதுதான் நடந்தது. ஈரான் எல்லையை ஒட்டிச் செல்லும் அந்தப் பாதையில், ஒரு எம்பிரயர் லெகசி 650 விமானத்தில் ஜிபிஎஸ்ஸோடு ஐஆர்எஸ்ஸும் பயனற்றுப்போனது. விமானம் இடமும் வலமுமாகத் திரும்பத் தொடங்கிய பிறகே விமானிகளுக்கு உறைத்தது. அனுமதியின்றி ஈரான் வான்வெளிக்குள் நுழையும் நிலைக்குப் போய்த் தப்பினார்கள்.

உங்கள் விமானம் எந்த வகை என்பதை வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளுங்கள்; வானில் தெரிந்துகொள்ள நேரமிருக்காது. கலப்பு வகை என்றால், ஜிபிஎஸ்ஸை முன்கூட்டியே துண்டிக்கும் வழி உண்டா என்று கையேட்டில் தேடுங்கள். ஐஆர்எஸ்ஸின் இடக் கணக்கு கெட்டே போனாலும் சாய்வையும் திசையையும் மட்டும் காட்டும் ஏடிடி நிலை பல விமானங்களில் இருக்கிறது. அதில் திசையை நீங்களே காந்தத் திசைகாட்டியைப் பார்த்து இட வேண்டும். பறந்துகொண்டே மீண்டும் அலைன் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பயணிகள் விமானங்களின் ஐஆர்எஸ், பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதை உணர்ந்தே வடக்கைக் கண்டுபிடிக்கிறது. அவ்வளவு நுட்பமான அசைவை உணர விமானம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

அறிகுறி: மலையே இல்லாத இடத்தில் 'டெரெய்ன், புல் அப்'

'தரை வருகிறது, மேலே ஏறு' என்று இப்படிக் கத்தும் தரை எச்சரிக்கைக் கருவிக்குள் உலகத்தின் மேடுபள்ளங்கள் எல்லாம் சேமிக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஜிபிஎஸ் சொன்னால், முன்னால் என்ன மலை இருக்கிறது என்று அது பார்க்கும். இடம் பொய்யென்றால் மலையும் பொய். தொல்லைப் பகுதியைக் கடந்து மணிக்கணக்கான பிறகும், நடுக்கடலுக்கு மேல் நிதானமாகப் பறக்கும் விமானத்தில் இந்தக் குரல் அலறியிருக்கிறது.

35,000 அடியில் கேட்டால் முடிவெடுப்பது எளிது. எவரெஸ்டே 29,032 அடிதான். அந்த உயரத்தில் இடிக்க உலகத்தில் மலை கிடையாது. உயரமானியைச் சரிபாருங்கள், குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்துக்கு மேலே இருப்பதை உறுதி செய்யுங்கள், பிறகு உங்கள் கையேடு சொல்லும்படி நடங்கள்.

தாழ்வாக, இரவில், மேகத்துக்குள் கேட்டால் விவாதமே வேண்டாம். மேலே ஏறுங்கள். 'இன்று ஜிபிஎஸ் சரியில்லை, இதுவும் அதன் வேலையாகத்தான் இருக்கும்' என்று நினைக்கும் ஒரு வினாடியைத்தான் நான் மிக அஞ்சுகிறேன். ஸ்பூஃபிங்கின் பெரிய கேடு பொய் எச்சரிக்கை அல்ல. பொய் எச்சரிக்கையைப் பல முறை கேட்டவர் உண்மையான ஒன்றையும் அலட்சியம் செய்யப் பழகிவிடுவதுதான். புலி வருது, புலி வருது கதை நமக்குத் தெரியாததா?

எனவே குரல் அடிக்கடி பொய்யாக வந்தால் அதைச் சகித்துக்கொண்டு இறங்கத் தொடங்காதீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே, கையேடு அனுமதித்தால், சேமித்த வரைபடத்தை நம்பும் பகுதியை மட்டும் 'டெரெய்ன் இன்ஹிபிட்' விசையால் அணைத்துவிடலாம். அப்போதும், தரைக்கு மேல் உள்ள உயரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ உயரமானியை நம்பும் பழைய பாணி எச்சரிக்கைகள் உயிரோடு இருக்கும்: வேகமாக இறங்குகிறாய், தரை நெருங்குகிறது, சக்கரம் இறக்கவில்லை. முன்னோக்கிப் பார்க்கும் கண் மட்டும் மூடியிருக்கும். அந்தக் கண்ணின் வேலையை நீங்கள் செய்ய வேண்டும், அதாவது வரைபடத்தில் உள்ள குறைந்தபட்ச உயரங்களை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும்.

அறிகுறி: இறங்கும் நேரத்தில் போய்விட்டது

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த சன் வேலி அருகே, காட்டுத்தீப் புகைக்குள் ஒரு பயணிகள் விமானம் ஜிபிஎஸ் வழியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜிபிஎஸ் இடைஞ்சலால் அது பாதை விலகி மலைப்பக்கம் போவதை ரேடார் முன் இருந்த கட்டுப்பாட்டாளர் கவனித்துத் திருப்பிவிட்டார். காக்பிட்டுக்கு வெளியே இருந்த ஒரு ஜோடிக் கண்கள் காப்பாற்றிய விமானம் அது.

ஜிபிஎஸ் இறக்கத்தில் நம்பிக்கை குலைந்தால் மேலே எழும்பிவிடுங்கள், அவ்வளவுதான். எழும்பும்போது கணினி காட்டும் பாதையைப் பின்பற்றாதீர்கள். அதுவும் அதே பொய்யில் வரைந்தது. திசையும் உயரமும் கொடுத்து நீங்களே ஓட்டுங்கள். அடுத்து, வானொலிக் கற்றையால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஐஎல்எஸ் கற்றை ஓடுபாதையின் பக்கத்திலிருந்தே வருகிறது. அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல விமானங்களில் ஐஎல்எஸ், விஓஆர் அலைவரிசைகளைக் கணினியே தேர்ந்து வைக்கும். தான் எங்கே இருப்பதாக நினைக்கிறதோ அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கும். இடம் பொய்யென்றால் தவறான நிலையத்தை வைக்கலாம், அல்லது எதையுமே வைக்காமல் விடலாம். எனவே கையால் வையுங்கள், அடையாளத்தைக் கேளுங்கள்.

போகிற இடத்தில் ஜிபிஎஸ் இல்லாத இறக்க முறையே இல்லை என்றால்? எஸ்டோனியாவின் டார்ட்டூ நகருக்கு ஃபின்ஏர் ஓட்டிய விமானங்கள் 2024 ஏப்ரலில் அடுத்தடுத்து இரண்டு நாள் இறங்க முடியாமல் ஹெல்சின்கி திரும்பின. ஏப்ரல் 29 முதல் மே இறுதி வரை சேவையையே நிறுத்திவிட்டு, ஜிபிஎஸ் இல்லாத முறை ஒன்றை ஏற்படுத்திய பிறகே மறுபடி பறந்தார்கள். நம் பக்கத்திலும் 2025 நவம்பரில் டெல்லியின் 10-ஆம் ஓடுபாதையில் ஜிபிஎஸ் வழியில் இறங்க வந்த விமானங்கள் ஸ்பூஃபிங்கில் மாட்டின. வழக்கமான கருவிகள் வேலை செய்த மற்ற ஓடுபாதை முனைகளில் பாதிப்பில்லை என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். கொல்கத்தா, மும்பை, சென்னை போன்ற நிலையங்களிலிருந்தும் இப்படிப்பட்ட புகார்கள் வருவதாக அதே பதிலில் இருந்தது. பழைய விஓஆர், ஐஎல்எஸ் நிலையங்களை 'இனி எதற்கு இந்தச் செலவு' என்று மூடச் சொல்பவர்களுக்கு நான் இந்த இரண்டு ஊர்களைத்தான் காட்டுவேன்.

அறிகுறி: எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பாதை விலகுகிறது

ஹெடிங் நிலைக்கு மாற்றியதை மறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். அந்த நிலையில் விமானம் சொன்ன திசையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். காற்று தள்ளினால் தள்ளிய பக்கம் போகும். அடுத்த திருப்பத்தில் தானாகத் திரும்பாது.

1983 செப்டம்பர் 1 அன்று சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்திய கொரியன் ஏர்லைன்ஸ் 007-இல் 269 பேர் இறந்தார்கள். ஐஆர்எஸ்ஸின் மூத்த தலைமுறையான ஐஎன்எஸ் அந்த விமானத்தில் இருந்தது. ஆனால் ஆட்டோபைலட் அதைப் பின்பற்றவே இல்லை என்பதுதான் பின்னாளைய விசாரணையின் முடிவு. ஹெடிங்கிலேயே விடப்பட்டிருக்கலாம், அல்லது ஐஎன்எஸ் பிடித்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பாதை விலகியிருந்தபோது நிலையை மாற்றியிருக்கலாம். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் ஜிபிஎஸ் முழுமையானதும் பொதுமக்களுக்கும் தரப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. வழி தவறிய ஒரு விமானத்துக்காகக் கிடைத்த வரம். நாற்பது ஆண்டு கழித்து அதுவே வழி தவறவைக்கிறது.

ஹெடிங்கில் இருக்கும்வரை அடுத்த திருப்பத்தின் நேரத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். தூரம், தரை வேகம், மணி. நான் ஒரு டைமரையும் ஓடவிடுவேன்.

அறிகுறி: 'உங்கள் இடம் எங்களிடம் பொருந்தவில்லை' என்று ஏடிசி சொல்கிறது

உங்கள் விமானம் தன் ஜிபிஎஸ் இடத்தை ஊருக்கெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டே போகிறது. உங்களுக்கு முன்பே பொய் அவர்கள் திரையில் தெரிந்திருக்கிறது. நன்றி சொல்லிவிட்டு ஸ்பூஃபிங் பகுதிக்குப் போங்கள். ரேடார் இல்லாத கடற்பகுதி என்றால், தானியங்கி இட அறிக்கைகள் தவறாக இருக்கலாம் என்று சொல்லிக் குரல் வழி அறிக்கைக்கு மாறுங்கள்.

அறிகுறி: தரையில் நிற்கும்போதே குழப்பம்

ஹேங்கருக்குள் ஜிபிஎஸ் சோதிப்பதற்காகக் கூரை ஆண்டெனாவிலிருந்து சமிக்ஞையை உள்ளே கொண்டுவரும் ரிப்பீட்டர்கள் உண்டு. அவை கசிந்தால், வெளியே நிற்கும் விமானம் தன்னை அந்தக் கூரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஜெர்மனியின் ஹானோவர் நிலையத்தில் 2010-இல் இப்படி நடந்து, ஓடுபாதைக்குப் போன விமானங்களில் தரை எச்சரிக்கை ஒலித்தது. சில நூறு மீட்டர் நகர்ந்து மீண்டும் பாருங்கள். முந்தைய பயணத்தில் தொல்லைப் பகுதியைக் கடந்து வந்த விமானம் என்றால் ஐஆர்எஸ்ஸை முழுமையாக அலைன் செய்யுங்கள். நம் அட்சரேகையில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். துருவத்தை நெருங்கினால் 17 வரை ஆகும். இடத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்காமல், நிற்குமிடத்துக்கு அச்சிட்டிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்துக் கையால் இடுங்கள்.

அறிகுறி: ஜிபிஎஸ் திரும்ப வந்துவிட்டது

உடனே சேர்த்துக்கொள்ள வேண்டாம். சூடு கண்ட பூனையாகவே இருங்கள். கைக்கடிகாரத்தோடு நேரம் ஒத்துப்போகிறதா? குறைந்தது இரண்டு டிஎம்இ தூரங்களோடு இடம் ஒத்துப்போகிறதா? தேதியையும் பாருங்கள், நேரம் சரியாகி, தேதி தவறாக நின்ற பெட்டிகள் உண்டு. எல்லாம் சரியாக இருந்தாலும் தரை எச்சரிக்கைக் கருவி பழைய பொய்யை நினைவில் வைத்திருக்கக்கூடும். சில பெட்டிகள் தரையில் மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை தெளிவதே இல்லை. வானில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுத்துப் போடும் ஆசை வந்தால், கையேடு அனுமதிக்காதவரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இப்படி ஒன்று நேர்ந்தால் 10 நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2025 நவம்பரில் உத்தரவிட்டது. அது அதிகாரிகளுக்கு. விமானத்தின் பதிவேடு வேறு. அதில் பெரும்பாலும் நான் பார்ப்பது 'ஜிபிஎஸ் கோளாறு, பிறகு சரியாகிவிட்டது' என்ற ஒற்றை வரி. அதை வைத்துக்கொண்டு பொறியாளர் என்ன செய்வார்? எங்கே, எந்த உயரத்தில், எத்தனை மணிக்குத் தொடங்கியது. முதலில் எது மாறியது, கடிகாரமா, காற்றா, வரைபடமா. ஐஆர்எஸ் எத்தனை கடல் மைல் நழுவியிருந்தது. எதை அணைத்தீர்கள், எதை மீண்டும் போட்டீர்கள், எதை அணைத்தபடியே விட்டுவிட்டு இறங்கினீர்கள். கடைசியாகச் சொன்னதை மட்டுமாவது எழுதுங்கள். ஐம்பது நிமிடம் கழித்து அதே இருக்கையில் வந்து உட்காரும் விமானிக்கு, அந்த விசை அணைந்திருப்பது உங்களால்தான் என்று தெரிய வேறு வழியில்லை.